மைக்ரோ மோல்டிங்குக்கு எந்த நிரப்பி? கண்ணாடி இழை முதல் நானோ குழாய் வரை ஓர் ஒப்பீடு

உருகிய பாலிமரை அச்சுக்குள் செலுத்தி மிகச் சிறிய பாகங்களை வார்ப்பதுதான் மைக்ரோ மோல்டிங். பாகத்தின் எடை சில மில்லிகிராம். சுவர்த் தடிமன் 0.2 மி.மீ. வெறும் பாலிமரில் வார்த்தால் விறைப்பு போதவில்லை, அல்லது நிலைமின்சாரம் சேர்கிறது, அல்லது சூடேறினால் அளவு நகர்கிறது. சரி, நிரப்பியாக எதைக் கலப்பது? கண்ணாடி இழையா, கனிமத் தூளா, கார்பன் பிளாக்கா, நானோ குழாயா? இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் கையில் பெரும்பாலும் இரண்டு மூன்று டேட்டாஷீட் இருக்கும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிய எண் எதில் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த எண்கள் பொதுவாக 4 மி.மீ. தடிமனுள்ள சோதனைப் பட்டையில் அளந்தவை. 0.2 மி.மீ. சுவருக்குள் அதே கலவை வேறு பொருளாக நடந்துகொள்ளும். நுண்ணிய கேட்டை (அச்சுக் குழியான கேவிட்டியின் வாசல்) கடக்கும்போது உருகலின் ஷியர் வீதம், அதாவது அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும் வேகம், வினாடிக்கு லட்சத்தைத் தாண்டும். கேவிட்டிக்குள் நுழைந்த கணமே சுவரை ஒட்டி உறையத் தொடங்கும். ஓட்டத்தில் துகள்கள் எந்தப் பக்கம் திரும்பினவோ, எங்கே உடைந்தனவோ, அப்படியே நின்றுவிடும். பழைய நிலைக்குத் திரும்ப அவற்றுக்கு நேரமே கிடைக்காது. ஆகவே நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த ஓட்டத்தைத் தாண்டி வந்த பிறகும் எந்த நிரப்பி தன் வேலையைச் செய்யும்?

## எதை வைத்து எடை போடுவது

அளவுப் பொருத்தம். பாகத்திலேயே மிகச் சிறிய இடம் எது என்று பாருங்கள். அது பெரும்பாலும் கேட்டாகவோ ரிப்பாகவோ (பாகத்திலிருந்து எழும் மெல்லிய சுவர்) இருக்கும். அதோடு நிரப்பித் துகளின் மிக நீளமான அளவை ஒப்பிடுங்கள். ஐந்து மடங்கு இடைவெளி இருந்தால் நிம்மதி. இரண்டு மடங்குக்குக் கீழே போனால் வேண்டாம் என்பேன்.

பண்பு தங்குமா. விறைப்போ கடத்துதிறனோ, எதற்காகச் சேர்க்கிறோமோ அது ஷியரிலும் வேகமான உறைதலிலும் அடிபடுமா?

ஓட்டம். பிசுபிசுப்பு எவ்வளவு ஏறுகிறது என்பது பாதிக் கதை. பெரும்பாலான நிரப்பிகள் பாலிமரைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தும். அதனால் உருகல் சீக்கிரம் உறையும். மெல்லிய சுவரில் பாகம் பாதியில் நின்றுபோவதற்கு இந்த இரண்டாவது காரணமும் சேர்ந்துகொள்கிறது.

கேட் தேய்மானம். 1.5 மி.மீ. கேட் 15 மைக்ரான் தேய்ந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். விட்டம் ஒரு சதவீதம்தான் கூடியிருக்கும். 150 மைக்ரான் கேட் அதே 15 மைக்ரான் தேய்ந்தால் விட்டம் 10 சதவீதம் கூடிவிட்டது. வட்டத் துளையில் ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்ற எளிய கணக்கில், அதே அழுத்தத்துக்கு ஓட்டம் சுமார் 46 சதவீதம் ஏறும். உருகிய பாலிமர் அந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படாது என்றாலும், செட்டிங் எல்லாம் கையை விட்டுப் போய்விட்டது என்பது மட்டும் நிச்சயம்.

ஷாட்டுக்கு ஷாட் ஒருமை. ஷாட் என்றால் ஒருமுறை அச்சுக்குள் செலுத்தும் பொருள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். வழக்கமான 3 மி.மீ. குருணை ஒன்றின் எடையே ஏறத்தாழ 20 முதல் 30 மி.கி. இருக்கும். ரன்னரோடு (பாகத்துக்கு உருகலைக் கொண்டுபோகும் வழியில் உறைந்து மிஞ்சுவது) சேர்த்து ஷாட் 300 மி.கி. என்றால் அது பத்துப் பன்னிரண்டு குருணைதான். மாஸ்டர்பேட்ச் குருணையையும் (நிரப்பி செறிவாகக் கலந்தது) சாதாரணக் குருணையையும் மெஷினின் ஹாப்பர் தொட்டியில் ஒன்றுக்கு ஐந்து என்று கலந்து போட்டால், ஒரு ஷாட்டுக்கு இரண்டு மாஸ்டர்பேட்ச் குருணை வரவேண்டும். ஒன்று வந்தால் நிரப்பி பாதி. மூன்று வந்தால் ஒன்றரை மடங்கு. குருணை உருகும் சூடான உருளையான பேரல் கொஞ்சம் கலந்துவிடும், உண்மைதான். ஆனால் சின்ன ஸ்க்ரூ நன்றாகக் கலக்காது, பிளஞ்சர் (தள்ளுதண்டு) மட்டும் உள்ள மெஷின் கலக்கவே கலக்காது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே மைக்ரோ வேலைக்கு முன்கூட்டியே காம்பவுண்ட் செய்த, அதாவது நிரப்பியை உருகலில் கலந்து எடுத்த, குருணைதான். ஹாப்பர் கலவை வேண்டாம்.

ரன்னர் செலவு. பாகம் 5 மி.கி., ஸ்பிரூவும் (மெஷினிலிருந்து ரன்னருக்குப் போகும் தண்டு) ரன்னரும் 295 மி.கி. என்பது இந்தத் தொழிலில் அதிசயமில்லை. பத்து லட்சம் பாகத்துக்குப் பாகமாகப் போவது 5 கிலோ. வாங்க வேண்டியது 300 கிலோ. நிரப்பியின் கிலோ விலையை இந்த 300 கிலோவோடு பெருக்கிப் பாருங்கள். ரன்னரை அரைத்து மறுபடி போடலாமே என்றால், இழை ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகும். மருத்துவப் பாகம் என்றால் அரைத்ததைப் பெரும்பாலும் அனுமதிக்கவே மாட்டார்கள்.

## கண்ணாடி இழை

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். சாதாரண மோல்டிங்கில் அது நியாயமும்கூட. 30 சதவீதக் கண்ணாடி போட்ட நைலான் 66-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எடையில் 30 சதவீதம் என்றாலும் கொள்ளளவில் அது சுமார் 16 சதவீதம்தான். அதற்கே விறைப்பு சில மடங்கு கூடிவிடும். விலையும் கட்டுப்படியாகும், எல்லா பாலிமரிலும் கிடைக்கும்.

மைக்ரோவில் இழையின் நீளம்தான் எதிரி. விட்டம் 10 முதல் 13 மைக்ரான். காம்பவுண்டிங், மோல்டிங் எல்லாம் முடிந்து பாகத்தில் மிஞ்சும் நீளம் பொதுவாக 0.2 முதல் 0.4 மி.மீ. அதாவது 0.2 மி.மீ. சுவருக்குள் சுவரைவிட நீளமான குச்சி. அது ஓட்டத் திசையிலும் சுவருக்கு இணையாகவும் மட்டுமே படுக்க முடியும். கேட்டில் ஆற்றுப் பாலத்தடியில் மரக்கட்டை சிக்குவதுபோல ஒன்றிரண்டு குறுக்கே விழுந்தால் பின்னால் வருவதெல்லாம் அங்கே அடைத்துக்கொள்ளும்.

ஒரு பாகத்தை ரெசினில் பதித்து, வெட்டி, மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். தடித்த அடிப்பாகத்தில் இழைகள் நெருக்கமாகத் தெரியும். அங்கிருந்து 100 மைக்ரான் ரிப் பிரியும் இடத்தில் இழைகள் வாசலில் தேங்கி நிற்கும். ரிப்புக்குள் போயிருப்பது பெரும்பாலும் வெறும் பாலிமர். எந்த இடத்துக்கு வலு வேண்டுமென்று இழை சேர்த்தோமோ, அந்த இடத்துக்கு அது போய்ச் சேரவே இல்லை. சராசரி நிரப்பி அளவைச் சாம்பல் சோதனையில் (பாலிமரை எரித்து மிச்சத்தை எடை போடுவது) பார்த்தால் 30 சதவீதம் சரியாக இருக்கும். அந்த எண்ணை நம்பி ஏமாறக் கூடாது.

குட்டையான இழை போட்டால் உள்ளே போகுமே என்று கேட்கலாம். போகும். 10 மைக்ரான் விட்டத்துக்கு 100 மைக்ரான் நீளம் என்றால் நீள-விட்ட விகிதம் பத்து. அந்த நிலையில் இழையின் பலன் பெருமளவு போய்விடும், கேட்டைத் தேய்ப்பது மட்டும் அப்படியே இருக்கும். மோல்டு இன்செர்ட் (அச்சில் பொருத்தும் வடிவத் துண்டு) கடினப்படுத்திய எஃகாக இல்லாமல் மின்முலாம் முறையில் வளர்த்த நிக்கலாக இருந்தால் இழையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கண்ணாடி சரியான தேர்வாகும் இடமும் உண்டு. பாகம் சிறியது, ஆனால் சுவர் 0.5 மி.மீ.க்கு மேல், கேட்டையும் கொஞ்சம் தாராளமாக வைக்க முடியும், ஒரே திசையில்தான் விறைப்பு வேண்டும் என்றால் கண்ணாடியே போதும். கார்பன் இழைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். விட்டம் 5 முதல் 7 மைக்ரான் என்பதால் கொஞ்சம் பரவாயில்லை; அரைத்த கார்பன் இழை என்றால் இன்னும் பரவாயில்லை; விலை பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

## டால்க், வோலாஸ்டோனைட், கண்ணாடி மணி

கவர்ச்சியில்லாத கூட்டம். ஆனால் மைக்ரோ வேலையில் நான் முதலில் யோசிப்பது இவற்றைத்தான்.

டால்க் சில மைக்ரான் அளவுள்ள தகடு, கனிமங்களிலேயே மிக மென்மையானது. மோஸ் அளவில் 1. கேட்டைத் தேய்க்காது. பாலிபுரொப்பிலீனில் படிகக் கருவாகவும் வேலை செய்து சீக்கிரம் உறைய வைக்கும். வோலாஸ்டோனைட் ஊசி வடிவம். கண்ணாடி இழை அளவுக்கு வலு தராது, ஆனால் டால்கைவிட அதிகம் தரும், கடினத்தில் கண்ணாடியைவிடக் கீழே. கண்ணாடி மணி உருண்டை என்பதால் எந்தத் திசையிலும் திரும்ப அதற்கு ஒன்றுமில்லை. சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கும், பாகம் வளையாது. வலு அதிகம் கிடைக்காது.

உங்கள் உண்மையான தேவை விறைப்பா, இல்லை அளவு நிலைத்தன்மையா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நுண் பற்சக்கரம், லென்ஸ் தாங்கி, நுண்திரவத் தட்டு போன்ற பாகங்களில் பெரும்பாலும் விடை இரண்டாவதுதான். அப்போது இழை போட்டு ஒரு திசையில் ஒரு சுருக்கம், குறுக்கே வேறு சுருக்கம் என்று வாங்கிக்கொள்வது வீண் வேலை. மறைமுகச் செலவு என்று பார்த்தால், கனிமத் தூள் பாகத்தைச் சற்று நொறுங்கும் தன்மையாக்கும். மெல்லிய ஸ்னாப் கொக்கி இருந்தால் அது முதலில் உடைவதை அங்கே பார்ப்பீர்கள்.

## கார்பன் பிளாக்

மின்கடத்துதிறன் தேவை என்றால் இங்கிருந்து தொடங்கலாம். முதலில் எவ்வளவு கடத்த வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும். நிலைமின்சாரத்தை வடிக்க மேற்பரப்பு மின்தடை பத்தாயிரம் ஓம் முதல் பத்தாயிரம் கோடி ஓம் வரை இருந்தாலே போதும். மின்காந்தக் கவசம் என்றால் அதைவிடப் பல மடங்கு குறைய வேண்டும். முதல் வகைக்குக் கார்பன் பிளாக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

சாதாரண ரகமென்றால் 15 முதல் 20 சதவீதம் வரை போட வேண்டிவரும். கிளைத்த அமைப்புள்ள உயர் ரகம் பத்துக்குள்ளேயே வேலையை முடிக்கும். துகள் நீளமானதில்லை, கொத்துக் கொத்தாக இருக்கும். ஓட்டத்தில் திரும்பி ஒரே பக்கம் படுத்துக்கொள்ளும் பிரச்சினை இதில் குறைவு. மைக்ரோவில் இதன் பெரிய பலம் அதுதான். ஷியரில் கொத்து உடையலாம். உடைந்தாலும் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். 15 சதவீதம் போட்டிருக்கிறோமே.

மறைமுகச் செலவுகள்: பிசுபிசுப்பு ஏறும், அதனால் அழுத்தம் ஏறும். கார்பன் பிளாக் ஈரத்தை இழுக்கும், உலர்த்தாமல் விட்டால் பாகத்தில் வெள்ளிக் கீறல் போல் தெரியும். மேற்பரப்பிலிருந்து கரித்தூள் உதிரலாம். சுத்தமான அறையில் பயன்படும் பாகத்துக்கு அது ஒன்றே நிராகரிக்கப் போதுமான காரணம்.

## கார்பன் நானோ குழாய்

அளவுப் பொருத்தம் என்ற முதல் அளவுகோலில் இதற்குப் போட்டியே இல்லை. வணிகத்தில் கிடைக்கும் பலசுவர்க் குழாய்கள் பலவற்றின் விட்டம் பத்து நானோமீட்டர் சுற்றிலும், நீளம் ஒன்றிரண்டு மைக்ரானும் இருக்கும். 20 மைக்ரான் ரிப்புக்குள்கூடச் சிரமமில்லாமல் போய்விடும். கேட்டைத் தேய்க்காது. அச்சின் நுண்ணமைப்பை அப்படியே எடுக்கும். 2 முதல் 5 சதவீதம் போதும் என்பதால் பாலிமரின் இயல்பும் பெரிதாக மாறாது. இவ்வளவையும் படித்துவிட்டு நிறையப் பேர் உடனே இதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

இடிப்பது இரண்டாவது அளவுகோலில்தான். குழாய்கள் ஒன்றையொன்று தொட்டு வலைபோல் பின்னியிருந்தால்தான் மின்சாரம் போகும். அழுத்தி வார்த்த தட்டில் அந்த வலை நிதானமாக உருவாகும். ஒரு சதவீதத்திலோ அதற்குக் கீழோ கடத்தத் தொடங்கிவிடும். டேட்டாஷீட்டும் விற்பனைக் கையேடும் காட்டும் அழகான எண் பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான். அதே கலவையை நுண் கேட் வழியாக வேகமாகச் செலுத்தினால் குழாய்கள் ஓட்டத் திசையில் சீவி விட்டதுபோல் படுத்துவிடும், தொடுபுள்ளிகள் அறுந்துபோகும், சுவரை ஒட்டிய தோல் அடுக்கு அந்த நிலையிலேயே உறைந்துவிடும். தடித்த பாகத்தில் நடுவே இருக்கும் மெதுவாக ஆறும் உள்ளடுக்கு காப்பாற்றும். 0.2 மி.மீ. சுவரில் பெரும்பகுதி தோல்தான். விளைவு, அதே சதவீதத்தில் கடத்துதிறன் பல பத்து மடங்கு, சில நேரம் பல ஆயிரம் மடங்கு குறைந்து நிற்கும். ஓட்டத் திசையில் ஒரு மதிப்பு, குறுக்கே வேறு மதிப்பு.

சரிசெய்ய வழி உண்டு. உருகல் வெப்பத்தையும் மோல்டு வெப்பத்தையும் ஏற்றினால் குழாய்களுக்குத் திரும்பப் பின்னிக்கொள்ளச் சற்று நேரம் கிடைக்கும். மோல்டைச் சூடாக்கி நிரப்பி, பிறகு குளிர்விக்கும் வேரியோதெர்ம் முறை இதற்கு நன்றாக உதவும். சுழற்சி நேரம் நீளும், அந்தச் செலவையும் கணக்கில் எழுதுங்கள். பாகத்தைப் பிற்பாடு சூடாக்கி வைத்தாலும் வலை ஓரளவு மீளும், ஆனால் அதற்குள் நுண்ணமைப்பு தளர்ந்துவிட்டால் என்ன பயன்? எனக்குப் பிடித்த வழி நானோ குழாயோடு கொஞ்சம் கார்பன் பிளாக் சேர்ப்பது. ஒரே பக்கம் படுத்துவிட்ட குழாய்களுக்கு இடையே கார்பன் பிளாக் கொத்துகள் பாலம் போடும். இரண்டும் தனித்தனியாகத் தராததைச் சேர்ந்து தரும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2014-ல் பலசுவர்க் குழாய்களில் ஒரு குறிப்பிட்ட ரகத்தை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் வைத்தது. கார்பன் பிளாக்கும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பாலிமருக்குள் அடங்கிய குருணையைக் கையாளும்போது கவலை குறைவு. தூளாக வாங்கி நீங்களே கலப்பதும், ரன்னரை உலர்வாக அரைப்பதும்தான் தவிர்க்க வேண்டியவை. ரன்னரை அரைக்க முடியாது என்றால் மேலே சொன்ன 300 கிலோ கணக்கு இன்னும் கடிக்கும்.

## கிராஃபைட் நானோ தகடு

மின்சாரத்துக்காக இதை எடுக்க வேண்டாம். தகடுகள் சுவருக்கு இணையாக அடுக்கிக்கொண்டு ஒன்றையொன்று தொடாமல் போய்விடும்; ஈடுகட்ட 10 சதவீதத்துக்கும் மேல் போட்டால் ஓட்டம் போச்சு. வெப்பத்தைப் பக்கவாட்டில் பரப்ப வேண்டும், அல்லது நுண் சக்கரத்தில் உராய்வு குறைய வேண்டும் என்றால் மட்டும் யோசிக்கலாம். இந்த இரண்டு வேலைக்கும் அந்தப் படுத்த நிலை சாதகம்.

## உலோகத் தூள், பீங்கான் தூள்

இது வேறு தொழில் என்றே சொல்ல வேண்டும். கொள்ளளவில் 55 முதல் 65 சதவீதம் தூள், மிச்சம் பைண்டர், அதாவது தூளைப் பிணைத்து ஓடவைக்கும் பொருள். வார்த்த பிறகு பைண்டரை எடுத்துவிட்டுச் சின்டர் செய்ய வேண்டும், அதாவது உலையில் சுட்டுத் துகள்களை ஒட்டவைக்க வேண்டும். நீளத்தில் 15 முதல் 20 சதவீதம் சுருங்கும் என்பதால் மோல்டை ஏறத்தாழ 1.18 முதல் 1.25 மடங்கு பெரிதாக வெட்ட வேண்டும். மைக்ரோவுக்குச் சில மைக்ரான் அளவுள்ள மெல்லிய தூள் தேவை, அதற்கு விலையும் அதிகம். உலை, கூடுதல் நாட்கள், இன்னும் சுடாத பச்சைப் பாகம் கையில் உடைவது எல்லாம் செலவில் சேரும். பாலிமர் தாங்கவே தாங்காத வெப்பமோ தேய்மானமோ இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

## ஒன்றும் சேர்க்காமல்

பட்டியலில் யாரும் எழுதாத தேர்வு. வலுவுக்காகத்தான் நிரப்பி தேடுகிறீர்கள் என்றால் பாலிமரை மாற்றிப் பாருங்கள். பீக், பாலிஅசிட்டால், திரவப் படிகப் பாலிமர் போன்றவை நிரப்பியே இல்லாமல் நிறையச் சாதிக்கும். திரவப் படிகப் பாலிமர் தண்ணீர்போல் ஓடி மெல்லிய சுவரை நிரப்பும், ஓட்டத் திசையில் தானாகவே வலுப்பெறும். இரண்டு ஓட்டங்கள் சந்தித்து ஒட்டும் வெல்ட் லைனில்தான் பலவீனம், குறுக்கே வலு குறைவு. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாலிமரில் கண்ணாடியோ கனிமமோ சேர்ப்பது திசை வேறுபாட்டைக் குறைக்கத்தான். மற்ற இடத்தில் அதைக் கூட்டும் அதே இழை இங்கே தணிக்கிறது. கிலோ விலை அதிகம் என்று முதலில் பயமாக இருக்கும். மோல்டு இன்செர்ட் மாற்றும் செலவையும் நிராகரித்த பாகங்களையும் எதிரே எழுதினால் பயம் பெரும்பாலும் தெளியும்.

## ஒரே பார்வையில்

| நிரப்பி | துகள் அளவு | 0.2 மி.மீ. சுவரில் பண்பு | கேட் தேய்மானம் | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| கண்ணாடி இழை | நீளம் 200–400 மைக்ரான் | ரிப்புக்குள் போகாது, திசை வேறுபாடு அதிகம் | அதிகம் | சுவர் 0.5 மி.மீ.க்கு மேல், ஒரே திசை விறைப்பு |
| டால்க் | சில மைக்ரான் | தங்கும் | மிகக் குறைவு | அளவு நிலைத்தன்மை |
| கண்ணாடி மணி | பத்து மைக்ரானும் மேலும் | தங்கும், வலு குறைவு | நடுத்தரம் | வளையாத, சீரான சுருக்கம் |
| கார்பன் பிளாக் | மைக்ரானுக்கும் சிறிய கொத்து | பெருமளவு தங்கும் | குறைவு | நிலைமின்சாரம் வடிக்க |
| நானோ குழாய் | நீளம் 1–2 மைக்ரான் | கடத்துதிறன் கடுமையாகக் குறையலாம் | மிகக் குறைவு | நுண்ணமைப்பு, கரித்தூள் உதிரக் கூடாத இடம் |
| கிராஃபைட் தகடு | சில மைக்ரானும் மேலும் | மின்சாரத்துக்கு மோசம் | குறைவு | பக்கவாட்டு வெப்பம், உராய்வு |
| உலோக, பீங்கான் தூள் | சில மைக்ரான் | சின்டருக்குப் பிறகு முழுமை | அதிகம் | பாலிமர் தாங்காத இடம் |

## ஆர்டர் கொடுக்கும் முன்

சப்ளையரிடம் 25 கிலோ மூட்டை கேட்காமல் ஒன்றிரண்டு கிலோ மாதிரி கேளுங்கள். மைக்ரோ மெஷினுக்கு அதுவே ஆயிரக்கணக்கான ஷாட். பேரலில் பொருள் எவ்வளவு நேரம் நிற்கிறது என்றும் கணக்குப் போடுங்கள். பேரலில் 30 கிராம், ஷாட் 0.3 கிராம், சுழற்சி 10 வினாடி என்றால் ஒவ்வொரு குருணையும் சூட்டில் ஏறத்தாழ 17 நிமிடம் இருக்கும். தீப்பிடிக்காமை போன்ற சேர்மானம் உள்ள ரகங்கள் அதற்குள் சிதையத் தொடங்கிவிடலாம்.

பாகத்தை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி வார்த்துப் பாருங்கள். ஓட்டம் எந்த இடத்துக்குக் கடைசியாகப் போகிறது, வெல்ட் லைன் எங்கே விழுகிறது, காற்று எங்கே சிக்கிக் கருகுகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். பிறகு முழுப் பாகத்தில் கேட்டை ஒட்டி ஒன்று, கடைசி மூலையில் ஒன்று என்று இரண்டு வெட்டு எடுத்து நிரப்பி இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்தடை அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே பாலிமர் மட்டும் உள்ள மெல்லிய படலம் இருக்கும். ஊசிமுனையை அப்படியே வைத்தால் பாகம் கடத்தவே இல்லை என்று காட்டும். இரு முனையையும் வெட்டி, வெட்டு முகத்தில் வெள்ளிப் பசை தடவி அளந்தால் உள்ளே உள்ளது தெரியும். படலத்தோடு அளந்தது, படலம் இல்லாமல் அளந்தது, இரண்டையும் எழுதி வையுங்கள். பாகம் வேலை செய்யும் இடத்தில் மேற்பரப்பில்தான் மின்தொடர்பு என்றால், முதல் எண்ணை வைத்தே சப்ளையரிடம் பேசுங்கள்.